வாடகை நோட்டில் விழுந்த கையெழுத்துகள்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் 1991-க்கு முன்பு பெண்கள் சைக்கிள் தொட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். டவுனில் பள்ளிக்கூடம் போன சில பெண்கள் ஓட்டினார்கள். கிராமத்திலும் அண்ணன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்க் குரங்குப் பெடல் போட்ட பிள்ளைகள் உண்டு. வயதுக்கு வந்த அன்றோடு அது நின்றுவிடும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒருத்தி, சேலை கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், ஊரே பார்க்க, தன்னந்தனியாக சைக்கிள் மிதித்துப் போவது என்பதுதான் இல்லாதிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சியாகிவிட்டது.

அன்னவாசல் பக்கம் எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த நான் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். பகலில் கடையில் உட்கார்ந்து வாடகை நோட்டு எழுதுவேன். இரவில் அரிக்கேன் விளக்கை மாட்டிவிட்டு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். பிறகு ஆசிரியை வேலை கிடைத்தது, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது முதியோர் எழுத்தறிவுக்குத் தன்னார்வலர்களைப் பழக்குகிற கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போகிற இடமெல்லாம் இளம்பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஆர்வத்த எப்படி டீச்சர் உண்டாக்குறது? உண்டானாலும் பத்து நாள்ல போயிருதே, எப்படி நிக்க வைக்கிறது?" என்னிடம் இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. எங்கள் மாவட்டத்தில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்வேன்.

மன்னராட்சியாக இருந்து 1948-ல் இந்தியாவோடு இணைந்த சமஸ்தானம் எங்களுடையது. தனி மாவட்டமானது 1974-ல். காவிரித் தண்ணீர் எட்டும் பகுதி சொற்பம். மற்றதெல்லாம் கண்மாயையும் மழையையும் நம்பிய மேட்டு நிலம். நடுநடுவே பாறைக் குன்றுகள். சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் வெளியூர்க்காரர்களுக்கு ஓவியம், கல்வெட்டு, கோயில். எங்கள் பெண்களுக்குப் பாறை என்றால் சம்மட்டி. மழை பொய்த்த காலத்தில் கல் உடைக்கப் போவார்கள். குவாரி பஸ் போகும் சாலையில் இருக்காது. விடிகாலையில் எழுந்து தண்ணீர் தூக்கி, கஞ்சி காய்ச்சி, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் நடந்து போய்ச் சேர வேண்டும். பொழுது சாய்ந்ததும் அதே வழி நடந்து திரும்ப வேண்டும். அதற்கு மேல்தான் நாங்கள் போய் "வாங்க, படிக்கலாம்" என்று நின்றோம்.

நாங்கள் போவதற்கு முன்பே அரசாங்கம் முயன்றுதான் பார்த்திருந்தது. 1978 அக்டோபர் 2-ல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. மையம் நடத்துகிறவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். எங்கள் பக்கத்தில் அந்த மையங்கள் எரிந்ததும் தெரியவில்லை, அணைந்ததும் தெரியவில்லை. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டம் வேறு வழியைக் காட்டியது. சம்பளம் வாங்காத தொண்டர்கள், கலைக்குழுக்கள், மாவட்டம் முழுக்க ஒரே மூச்சில் வேலை. 1990 பிப்ரவரியில் அது முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஜூலையில் அதே அலை அறிவொளி இயக்கமாகப் புதுக்கோட்டைக்கு வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51.33 சதவீதம். மாநிலத்தில் பாதிப் பெண்களுக்கு எழுத்துத் தெரியாது என்று அர்த்தம்.

மூன்று பாடப் புத்தகங்கள், மொத்தம் ஏறக்குறைய 200 மணி நேரம். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது எளிதாகத்தான் பட்டது. முதல் வாரம் மையம் நிறைந்தது. வீதி நாடகம் பார்த்த சூடு, ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டாரே என்ற மரியாதை, பக்கத்து வீட்டுக்காரி போகிறாளே என்ற ஆவல். மூன்றாம் வாரம் தலைகள் குறையும். நாங்கள் வீடு வீடாகப் போவோம். படித்தால் பஸ் போர்டு படிக்கலாம், கைநாட்டு வைத்து ஏமாற வேண்டாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம் என்று அடுக்குவோம். யாரும் மறுக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வராமல் இருப்பார்கள். ஒரு பெரியம்மா என்னை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றதெல்லாம் சரிதான் ஆத்தா. எங்க ஊருக்கு வர்றதே ஒரு பஸ்ஸு. அதுல போர்ட வேற படிக்கணுமா?"

அந்தப் பதிலை நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். நாங்கள் சொன்ன நன்மைகள் உண்மையானவை. ஆனால் அவை என்றோ ஒரு நாள் கிடைக்கப் போகிறவை. உடம்பு அசந்து கிடக்கிற இரவில், என்றோ வரப்போகும் நன்மைக்காக எழுந்து நடக்க வேண்டுமென்றால், அந்த நாள் வரும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். வாழ்க்கை அவர்களுக்கு அந்த நம்பிக்கையைத் தந்திருக்கவில்லை. அதைச் சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ எழுதுகிற அறிக்கைகளைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

குவாரிப் பெண்களிடம்தான் முதல் மாற்றத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் சில கல் குவாரிகளை மாவட்ட நிர்வாகம் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. காண்டிராக்டர் எண்ணிச் சொன்ன லோடுக்குக் கூலி வாங்கியவர்கள், தாங்களே லோடு எண்ண வேண்டியவர்கள் ஆனார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் 'அ' எழுதும் முன்பே எண்களைக் கேட்டார்கள். ஜல்லி எத்தனை யூனிட், லாரிக்காரர் எவ்வளவு தர வேண்டும், ஆளுக்கு எவ்வளவு வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றைய மாலைக்கே வேண்டியிருந்தது. மையத்துக்கு வரச் சொல்லி யாரும் அவர்களைத் தேடிப் போகவில்லை. நாங்கள் வரத் தாமதமானால் அவர்கள் ஆள் அனுப்பினார்கள்.

சைக்கிள் இதற்குள் வந்து சேர்ந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இயக்கத்தில் வேலை செய்த பெண்கள் முதலில் சைக்கிள் பழக வேண்டும், கிராமம் கிராமமாக அதில் போக வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு பகுதியே ஆனது. வண்டி வாங்கக் கடனுக்கு ஏற்பாடு நடந்தது. பஸ்ஸுக்குக் காத்து நின்றால் பொழுது போய்விடும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். காரணம் சிறிது, விளைவு பெரிது. ஒரு தொண்டர் பெண் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, கேரியரில் புத்தகக் கட்டோடு ஊருக்குள் வந்து இறங்கினால், அன்று பாடம் நடக்காது. எல்லாரும் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். "இத எத்தன நாள்ல பழகுன?" "விழுந்தியா?" "வீட்டுல ஒண்ணும் சொல்லலயா?" என்று கேள்விக்கு மேல் கேள்வி. பாடப் புத்தகத்தைப் பற்றி ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

பழகிய இடம் பெரும்பாலும் வற்றிய கண்மாய், இல்லையென்றால் கோயில் திடல். நேரம் அந்தி, நிலவிருந்தால் இன்னும் நல்லது. வண்டி எங்கள் கடை மாதிரிக் கடைகளிலிருந்து போனவை, மணிக்கு ஒரு ரூபாய். பாதிக்கு மேல் இருபத்திரண்டு இஞ்ச் ஆண்கள் சைக்கிள்தான். பாரைத் தாண்டிக் கால் போட வேண்டும், சேலையில் அது லேசில்லை. செயின் கவர் இல்லாத வண்டியில் முந்தானையோ கொசுவமோ மாட்டிக் கிழியும். அப்பா ஒரு வழி செய்தார். பெண்களுக்குக் கொடுக்கிற வண்டிகளுக்கு மட்டும் தகரம் வெட்டிச் செயினை மூடினார், சீட்டைக் கடைசி வரை இறக்கி நட்டை முடுக்கினார், பிரேக் கட்டையை மாற்றினார். பழகுகிறவர்கள் முதலில் முன் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். சக்கரத்தைப் பார்த்தால் விழுவது நிச்சயம். "தூரத்துல அந்தப் பனமரத்தப் பாருங்க மதினி, கீழ பாக்காதீங்க" என்று கத்திக்கொண்டே கேரியரைப் பிடித்துப் பின்னால் ஓடுவோம். ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிடுவோம், சொல்ல மாட்டோம். நாலு முழம் தானாகப் போனபின் தெரிந்துவிடும், உடனே விழுவார்கள். விழுந்தவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டாமலே கேட்பது: "எம்புட்டுத் தூரம் நானாப் போனேன்?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு காரியம் தன்னால் ஆகும் என்று ஒருவர் நம்புவதைப் பொறுத்தே அவர் அதைத் தொடங்குவதும், தடை வந்தால் தாக்குப்பிடிப்பதும் அமைகிறது. அந்த நம்பிக்கை நான்கு வழியாக வரும் என்றார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது தானே செய்து பார்த்தது. நாங்கள் ஊர் ஊராகப் போய்த் தொண்டை கட்டப் பேசியது வலுக் குறைந்த மூன்றாவது வழி. கண்மாய்க்குள் நடந்தது முதல் இரண்டும். பண்டுராவை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது எனக்குப் புதிதாக இருந்தது அந்தப் பெயர் மட்டுமே.

தன்னைப் போன்ற ஒருத்தி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கலெக்டர் அம்மா பெண்தான். ஆனால் அவரைப் பார்த்து "அவுக செய்யும்போது நான் செய்ய மாட்டேனா" என்று எந்தக் கல்லுடைக்கிற பெண்ணும் நினைக்கவில்லை. என்னைப் பார்த்தும் நினைக்கவில்லை, நான் படித்த பிள்ளை, சைக்கிள் கடைக்காரர் மகள். பக்கத்துச் சம்மட்டிக்காரி ஓட்டியதைப் பார்த்தபோதுதான் நினைத்தார்கள். அதனால் ஒவ்வொரு ஊரிலும் முதலாவதாகப் பழகுகிறவர் யார் என்பது பெரிய விஷயமாக இருந்தது. வாலிபப் பெண் முதலில் பழகினால் ஊர் அதைத் திமிர் என்று சொல்லி ஒதுக்கியது. மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தி பழகிவிட்டால் ஊர் வாயடைத்துப் போகும்.

வாடகை நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான கோடு போட்ட நோட்டு. வண்டி எண், பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம், காசு. ஆண்கள் வந்தால் அப்பா பெயர் எழுதுவார். பெண்கள் வரத் தொடங்கியபோது பழக்கத்தில் இன்னார் சம்சாரம், இன்னார் தங்கச்சி என்றே எழுதினார். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மையத்தில் பெயர் எழுதப் பழகிய ஒருவர் ஒருநாள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "அண்ணே, எம்பேர நான் எழுதுறேன்" என்றார். பென்சிலை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே போய், அடுத்த வரியிலும் பாதியை எழுதி முடித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் அருகில் குறித்தார். அன்றிலிருந்து பெண்களுக்கு நோட்டை நீட்டுவது கடையின் வழக்கமாகிவிட்டது. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் முறை வந்ததும் சங்கடப்பட்டார்கள். அவர்களில் பலர் அதே வாரம் மையத்துக்கு வந்தார்கள். எழுத்து சைக்கிளுக்கு வழிவிட்டது, சைக்கிள் எழுத்தை இழுத்து வந்தது.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்துக்கு வந்து எழுதியது அவருடைய 1996-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் விற்பனை ஓராண்டில் 350 சதவீதம் ஏறியதாக ஒரு விற்பனையாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். தட்டுப்பாடு வந்ததும் பெண்கள் ஆண்கள் வண்டியை எடுத்தார்கள். எடுத்துப் பார்த்தபின் அதையே விரும்பியவர்களும் உண்டு. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா! இதையும் சாய்நாத் குறித்திருக்கிறார். எங்கள் கடையில் பாரில் கட்டுகிற சின்னச் சீட்டைக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் பிள்ளை, ஹேண்டிலில் தூக்குவாளி. இப்படி ஒரு வண்டி புறப்பட்டபின் அந்தப் பெண்ணுக்கு ஆர்வமூட்ட எங்களுக்கு என்ன இருக்கிறது? அவள் காலைப்பொழுதே சைக்கிளின் மேல் ஏறிவிட்டது. இறங்கினால் தண்ணீர் வராது, குவாரிக்கு நேரமாகும்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முகாம்களுக்குப் பெண்கள் திருவிழாவுக்கு உடுத்துவதைப் போல உடுத்தி வந்தார்கள். கீழக்குறிச்சி முகாமில் தான் கண்டதாக சாய்நாத்தும் இதை எழுதியிருக்கிறார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. 1992 மகளிர் தினத்தன்று சைக்கிளில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு சுமார் 1,500 பெண்கள் புதுக்கோட்டை வீதியில் ஊர்வலம் போனார்கள். பொதுவெளியில் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதாகவும், பதினெட்டு மாதத்தில் பழகியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியதாகவும் சாய்நாத் எழுதுகிறார்.

ஊர்வலத்தில் சந்தோஷமாகப் போனவர்கள் அதற்கு முன் கேட்ட பேச்சுகளை மறக்கக் கூடாது. டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒருத்தி தனியாகப் போனால் அந்த வார்த்தை அவளை வீட்டுக்குத் துரத்திவிடும். பத்துப் பேராகப் போனால் அதே பெஞ்சு அடங்கிவிடும். கூட்டத்தில் பழகத் தொடங்கி, பிறகு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், அங்கே ஓட்டுகிற பெண் ஒருவர்கூட இல்லாததால் விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை குறைந்துவிடவில்லை, துணை போய்விட்டது. மன உறுதி என்று தனி ஆளின் நெஞ்சுக்குள் தேடுகிறோமே, அதில் பெரும்பங்கு பக்கத்தில் மிதித்து வருகிறவரிடம் இருக்கிறது என்பதை நான் அந்த வீதியில் கண்டேன்.

பரிசு கொடுத்தால் ஆர்வம் வளருமா என்பதும் பயிற்சிகளில் வருகிற கேள்விதான். 1971-ல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் கனசதுரத் துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கிற புதிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு பகுதியினருக்குப் புதிரை முடித்தால் காசு என்றார். காசு நின்றபின், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரை எடுத்து விளையாடுவது அவர்களிடம் குறைந்தது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனையும் அதே பக்கம் சாய்ந்தது. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னால் தாமாக வரையும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களிடமும், எதுவும் வாங்காதவர்களிடமும் அந்தக் குறைவு இல்லை. டெசியும் ரிச்சர்ட் ரயானும் பின்னர் இதை விரித்து, தன் விருப்பப்படி செய்கிறேன் என்ற உணர்வு, கை தேர்கிறது என்ற உணர்வு, நமக்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு ஆகிய மூன்றும் இருக்கிற இடத்தில்தான் ஆர்வம் நிலைக்கும் என்றார்கள். கண்மாய்க்குள் மூன்றும் இருந்தன. எங்கள் மையத்தில் பல நாள் மூன்றில் ஒன்றுகூட இருக்கவில்லை. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து, பதில் தெரியாமல், எங்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

இந்த ஆய்வுகளைக் காட்டி யாருக்கும் கூலி கொடுக்காமல் வேலை வாங்கக் கூடாது. நான் இதைச் சொல்லக் காரணம் உண்டு. தொண்டு என்ற சொல்லின் மறைவில், குறிப்பாகப் பெண்களிடம், ஆண்டுக்கணக்கில் இலவச உழைப்பு வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். 1978 திட்டத்து மையங்கள் 50 ரூபாய் கொடுத்ததால் தோற்றன என்று நான் சொல்லவில்லை. அந்த 50 ரூபாயைத் தவிர வேறு எதுவும் அந்த மையத்துக்கும் ஊருக்கும் நடுவே இல்லாமல் போனது. வயிற்றுக்கு வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும். விருப்பத்தை விலைக்கு வாங்கப் பார்ப்பதுதான் கெடுதல்.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. நியாயமான கொண்டாட்டம். ஆனால் அறிவிப்பு வந்ததும் இயக்கத்தின் மூச்சு மெல்ல இறங்கத் தொடங்கியது. தொண்டர்களில் சிலர் வேலைக்குப் போனோம், சிலர் கல்யாணமாகிப் போனார்கள். இலக்கை எட்டியாயிற்று என்று சொல்லிவிட்டால் மறுநாள் எதற்காக வருவது? சில ஆண்டுகள் கழித்து அதே ஊர்களுக்குப் போனபோது, எழுத்தை மறந்துவிட்ட பெண்கள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். அவர்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது! வீட்டில் படிக்க ஒரு தாள் இல்லை. ஊரில் நூலகம் இல்லை. எழுத வேண்டிய தேவை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அப்போதும் பக்கத்தில் மை டப்பாவை வைத்துக்கொண்டு "கைநாட்டு வெச்சுட்டுப் போம்மா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்துகிறார்கள். அதே பெண்கள் சைக்கிளை மறக்கவில்லை. அன்றாடம் அது அவர்களைக் கேட்டது, அவர்கள் மிதித்தார்கள். குவாரிக் குழுவில் கணக்குப் பார்த்தவர்களுக்கு எண் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்புக்குப் பழகியது நிற்கும், மனசுக்குப் பழகியது போய்விடும் என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. கேட்கப்பட்டது நின்றது, கேட்கப்படாதது போயிற்று.

ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து இந்த இயக்கத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். அது 1996-ல் வெளிவந்தது. அதன் பிறகு சைக்கிள் வேறு பாதைகளில் போனது. தமிழ்நாடு அரசு 2001-02-ல் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் எல்லாருக்கும் விரித்தது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அந்தப் பிள்ளைகளிடம் கல்வியின் பெருமையை யாரும் புதிதாகப் பேசவில்லை. படிக்கும் ஆசை முன்பே இருந்தது, பள்ளிக்கூடம்தான் தொலைவில் இருந்தது.

எங்கள் பக்கம் இப்போது பெண்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சைக்கிளை விட்டவர்களும் உண்டு. அது நல்லதுதான், யாரும் சைக்கிளுக்கு நேர்ந்துகொள்ளவில்லை. வாடகைக் கடைகள் அதற்கு முன்பே மூடிவிட்டன. அப்பா கடைசி வண்டிகளைக் காயலான் கடைக்குப் போடும் முன்பு பெல்லையும் டைனமோவையும் கழற்றி எடுத்துவைத்துக்கொண்டார்.

2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மறுபடியும் மையங்கள் நடக்கின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள். தன்னார்வலர்கள் என்னிடம் ஆர்வத்தைப் பற்றிக் கேட்கும்போது நான் பாடப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்வேன். ஊருக்குப் போய், மையத்துக்கு வரப் போகிறவர்கள் நாளைக் காலையிலிருந்து இரவுவரை எந்தெந்த இடத்தில் எழுத்துக்கோ எண்ணுக்கோ இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்வேன். போன முறை வந்த பட்டியலில் நூறு நாள் வேலைக்கான வருகைத் தாள் இருந்தது, சர்க்கரை மாத்திரை அட்டை இருந்தது, ஏடிஎம் இருந்தது. அதிகம் பேர் சொன்னது செல்போன். பெயரைப் படிக்கத் தெரியாததால் பேரன் வந்துதான் நம்பர் போட்டுத் தர வேண்டும், அவன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை மகளிடம் பேச முடியாது என்றார்கள்.

அந்த மையத்தின் முதல் பாடமாக அவரவர் மகள் பெயரை எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பாடத்துக்கு எல்லாரும் செல்போனைக் கையோடு கொண்டு வர வேண்டும்.